நாள்வழியும் விண்ணப்பமும்

2016 பிப்ரவரி 29, திங்கட்கிழமை. டெல்லியில் பட்ஜெட் வாசித்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் கருங்கலுக்குப் பக்கத்தில் எங்கள் அண்டியாபீஸில், பருப்பு உலர்த்தும் போர்மா அடுப்பின் சூடு மேலேறி வரும் மாடி அறையில், ஐவரி கோஸ்ட்டிலிருந்து தூத்துக்குடிக்கு வந்து இறங்கிய சரக்குக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். வெளியூர்க்காரர்கள் முந்திரித் தொழிற்சாலை என்பதை விளவங்கோடு பக்கம் அண்டியாபீஸ் என்றுதான் சொல்வோம். ஓடு உடைக்காத கொட்டை தோட்டண்டி. மத்தியானம் முதலாளி போன் செய்தார்.

"தோட்டண்டிக்கு அஞ்சு சதமானம் வரி போட்டாச்சு. எவ்வளவு வரும்னு பாரும்."

பார்த்தேன். அடிப்படைத் தீர்வை 5 சதவீதம். அதன்மேல் செஸ். அதன்மேல் 4 சதவீதக் கூடுதல் தீர்வை. எல்லாம் சேர்ந்து 9.36 சதவீதம். ஒரு கோடி ரூபாய்ச் சரக்குக்கு 9 லட்சத்து 36 ஆயிரம். பருப்பில் எங்களுக்கு நிற்கும் லாபம் அதில் பாதிகூட இல்லை. சொன்னதும் முதலாளி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "கணக்கு எழுதினது நீரு. போய்ச் சொல்லவும் நீருதான் போவணும்" என்றார்.

இருபத்தாறு வருடம் பேரேட்டோடு இருந்தவன், அந்த ஒரு வார்த்தையில் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாகப் படியேறுகிறவனாக மாறினேன். விசிட்டிங் கார்டில் 'அரசுத் தொடர்பு' என்று அச்சடித்துத் தந்தார்கள். சென்னையில் இந்த வேலைக்கு லயசன் என்று பெயர். அமெரிக்காவில் லாபியிஸ்ட். எங்கள் ஊரில் பெயரே கிடையாது. "சாரு டெல்லிக்குக் காரியம் பேசப் போயிருக்காரு" என்பார்கள். காரியம் பேசுவது. இந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

முதல் மனுவை எழுத உட்கார்ந்த அந்த வாரத்தில்தான் குன்னத்தூர் நினைவு வந்தது. விளவங்கோடு பக்கத்து ஊர். 1745இல் அங்கே பிறந்த கேசவ பிள்ளை என்ற பையன் ஒரு கப்பல் வியாபாரியிடம் கணக்கெழுதப் போனவர். கடைசியில் திருவிதாங்கூரின் திவான் ராஜா கேசவதாஸ் ஆனார். பள்ளிக்கூடத்தில் அவரைப் பற்றி நாலு வரி படித்திருக்கிறேன். அப்போது அவர் எனக்கு இன்னொரு மந்திரி, அவ்வளவுதான். என் மேஜையில் 9.36 என்ற எண் ஏறிய பிறகுதான் அவரும் என்னைப் போல ஒரு கணக்கர் என்பது உறைத்தது.

அப்பா வீட்டைத் துறந்து போய்விட்டார், அம்மாவோடு வறுமையில் வளர்ந்த பிள்ளை என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். வேலைக்குச் சேர்ந்தது போக்கு மூசா மரைக்காயரிடம். நெய்யாறு கடலில் சேரும் பூவாறில் பெரிய வீடு, சொந்தக் கப்பல். பூவாறுக்கே முன்னொரு காலத்தில் போக்குமூசாபுரம் என்று பெயர் இருந்ததாகச் சொல்வதுண்டு. குன்னத்தூர்க்காரனுக்கு அது தூரதேசமில்லை. அன்றைக்கு விளவங்கோட்டுக்கும் பூவாறுக்கும் நடுவில் எல்லைக்கோடு ஏது? இன்று பூவாறு கேரளத்துக்குள் இருக்கிறது.

வியாபாரி வீட்டுக் கணக்கெழுத்து அந்தக் காலத்தில் எப்படி இருந்திருக்கும் என்பதை என்னால் ஓரளவு கண்முன் கொண்டுவர முடியும். ஓலையில் எழுத்தாணியால் நாள்வழி. மிளகை நிறுக்கத் துலாம், 20 துலாம் சேர்ந்தால் ஒரு கண்டி. ஆனால் ஒரு துறையின் கண்டியும் இன்னொரு துறையின் கண்டியும் ஒன்றாக இராது. மலையிலிருந்து இறங்கும்போது ஈரமாக இருந்த சரக்கு பண்டகசாலையில் காய்ந்து எடை குறையும். தோட்டண்டியும் அப்படித்தான். எடைக்குறைவை எந்தக் கணக்கில் எழுதுவது என்பதில் ஒரு கணக்கனுடைய நாணயம் முழுவதும் தெரிந்துவிடும். பணத்திலும் தலைவலி குறைந்ததில்லை. உள்ளூர்ப் பணம், சக்கரம், கிழக்குக் கடற்கரையின் வராகன், சூரத்து ரூபாய் எல்லாம் ஒரே பெட்டியில் கிடக்கும். என் தாத்தா காலம்வரை திருவிதாங்கூரில் இந்தச் சிக்கல் ஓயவில்லை. பிரிட்டிஷ் ரூபாய் ஒன்றுக்கு 28 சக்கரமும் 8 காசும் என்று அவர் மனப்பாடமாகச் சொல்வார்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று உண்டு. மார்த்தாண்ட வர்மா 1740களில் மிளகு வியாபாரத்தை அரசின் ஏகபோகமாக்கி, முளகுமடிசீலை என்ற துறையையும் வைத்துவிட்டார். மிளகு விற்க வேண்டுமானாலும் வாங்க வேண்டுமானாலும் சர்க்கார் வழியாகத்தான் நடக்கும். அப்படியானால் கப்பல் வியாபாரியின் கணக்கர் அதிகாரிகளின் திண்ணையில் காத்திருக்காமல் வேலை பார்த்திருக்க முடியாது. கேசவ பிள்ளை அரண்மனைக்குள் காலெடுத்து வைத்தது மந்திரியாவதற்காக இல்லை, முதலாளியின் சரக்குக்காக. இதை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. ஆனால் தொழில் தெரிந்த எவரும் இதைத்தான் ஊகிப்பார்கள்.

அவர் அரண்மனை வேலையில் சேர்ந்ததைப் பற்றி ஒரு கதை உண்டு. மரைக்காயர் அவரைத் தர்மராஜா என்று பெயர்பெற்ற கார்த்திகைத் திருநாள் ராம வர்மாவின் அரண்மனைக்கு அழைத்துப் போகிறார். பேச்சு இரவு வெகுநேரம் நீள்கிறது. பையன் அங்கேயே ஓர் ஓரத்தில் தூங்கிப்போகிறான். விடிந்ததும் மகாராஜா கண்விழித்து வெளியே வந்தால் முதல் கணியாகக் கண்ணில் படுவது கந்தல் உடுத்த இந்தப் பையன். அபசகுனம் என்று பிடித்து அடைத்துவிடுகிறார்கள். அன்று பொழுது சாய்வதற்குள் நல்ல செய்தி வருகிறது. இவன் முகத்தில் விழித்த ராசி என்று மகாராஜா கூப்பிட்டு அரண்மனையிலேயே வேலை கொடுக்கிறார். எங்கள் பக்கத்துப் பாட்டிமாருக்குப் பிடித்த கதை இது. எனக்கு அதில் பிடித்தது வேறு. மகாராஜாவும் வியாபாரியும் இரவு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள், கணக்கன் பக்கத்தில் இருந்தான் என்ற அந்தத் தொடக்கம்.

சேர்ந்தது ராயசத்தில், அதாவது அரசரின் ஓலைகளை எழுதும் எழுத்தர்களில் ஒருவராக. பிறகு சம்பிரதி, அதன் பிறகு சர்வாதிகார்யக்காரர். 1789 செப்டம்பரில் திவான். தளவாய் என்ற பழைய பெயரை விட்டுத் திவான் என்று திருவிதாங்கூரில் முதலில் அழைக்கப்பட்டவர் அவர்தான். போர்த்துகீசும் டச்சும் கற்றவர் என்று எழுதியிருக்கிறார்கள். கடற்கரையில் கணக்கெழுதிய ஒருவர் அவற்றைக் கற்காமல் இருந்திருந்தால்தான் எனக்கு ஆச்சரியம். ஆலப்புழைத் துறைமுகத்தை வளர்த்து, பம்பாய், கச்சு வியாபாரிகளை அங்கே குடியேற்றியதும், திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவை ஏற்படுத்தியதும் அவர்தான். இவையெல்லாம் எல்லாருக்கும் தெரியும். நான் நிற்க விரும்புவது 1789இல்.

அந்த வருடம் ஜூலையில் திருவிதாங்கூர், கொச்சியிலிருந்த டச்சுக்காரர்களிடம் கொடுங்கல்லூர், ஆயக்கோட்டை ஆகிய இரண்டு கோட்டைகளை விலைக்கு வாங்கியது. விலை 3 லட்சம் சூரத்து ரூபாய். ஒரு பகுதி உடனே, மீதி தவணையில். தவணைக்குக் கொச்சி யூத வணிகர்கள் ஜாமீன் நின்றார்கள். விற்றவர் டச்சு கவர்னர் வான் ஆங்கெல்பெக். வடக்கே திப்பு சுல்தானின் சேனை நெருங்கிக்கொண்டிருந்த சமயம் அது. அந்தக் கோட்டைகள் கைக்கு வராவிட்டால் நெடுங்கோட்டை மதிலின் மேற்கு முனை திறந்து கிடக்கும்.

திப்பு விற்பனையையே மறுத்தார். அந்த நிலம் கொச்சி ராஜாவுடையது, கொச்சி ராஜா எனக்குக் கப்பம் கட்டுகிறவர், ஆகவே டச்சுக்காரனுக்கு விற்க உரிமையில்லை என்பது அவர் வாதம். நாங்கள் போர்த்துகீசியரிடமிருந்து போரில் பிடித்த இடம், யாருக்கும் கப்பம் கட்டவில்லை என்றது டச்சுத் தரப்பு. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டு பெரிய அரசுகளின் சண்டை. உள்ளே நுழைந்து பார்த்தால் பத்திரப்பதிவு அலுவலகத்தில் தினமும் நடக்கும் வழக்கு. அனுபோகம் யாருடையது, எத்தனை வருடமாக, கந்தாயம் யாருக்குப் போனது?

கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் திருவிதாங்கூர் நட்பு அரசு. நட்பு அரசுக்கு ஆபத்து வந்தால் உதவ வேண்டும். ஆனால் சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்த ஜான் ஹாலண்ட், எங்களைக் கேட்காமல் ஏன் வாங்கினாய் என்று மகாராஜாவைக் கண்டித்து எழுதினார். உதவி செய்ய ஒரு லட்சம் வராகன் கேட்டார் என்ற குற்றச்சாட்டும் அவர் பேரில் உண்டு. திருவிதாங்கூர் அரசவையில் கம்பெனியின் ஆளாக இருந்தவர் ஜார்ஜ் பௌனி. அவர் மூலமாகவும், அவருக்கும் மேலே கல்கத்தாவிலிருந்த கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் வரையிலும் தங்கள் பக்கத்தை எடுத்துச்சொல்ல வேண்டியிருந்தது. புதிதாகத் திவான் பட்டம் ஏற்ற கேசவ பிள்ளையின் தலையில் விழுந்த பொறுப்பு இது.

கார்ன்வாலிஸின் நிலைப்பாடு எனக்கு மிகவும் தெரிந்த நிலைப்பாடு. அந்தக் கோட்டைகள் டச்சுக்காரரின் அனுபோகத்திலேயே இருந்து வந்தவை என்று காட்டினால் ராஜாவுக்குத் துணை நிற்கிறோம் என்பதுதான் அதன் சாரம். நாடு அழியப் போகிறது என்று ஒருவர் வந்து நிற்கிறார். மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் ஆவணம் கேட்கிறார். டெல்லியில் நிதி அமைச்சகம் இருந்த நார்த் பிளாக்கில் ஒரு செயலர் என்னிடம், "உங்கள் வருத்தம் புரிகிறது, எண்கள் எங்கே?" என்று கேட்டபோது கோபம் வந்தது. பிறகு யோசித்தால் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. எழுதி வைத்தவன்தான் பேச முடியும். கூட்டம் கூடிச் சத்தம் போடுவதற்கு ஒரு பலம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தொலைவில் உட்கார்ந்து முடிவெடுக்கிறவன் காதில் விழுவது ஓலையில் எழுதியதுதான்.

1789 டிசம்பர் 29இல் திப்புவின் படை நெடுங்கோட்டையைத் தாக்கியது. கம்பெனி முன்பே அனுப்பியிருந்த பட்டாளங்கள் பக்கத்தில் இருந்தும் அன்று சண்டையில் இறங்கவில்லை. சென்னையிலிருந்து உத்தரவு இல்லை. ஆனால் கல்கத்தாவில் காரியம் பலித்தது. திருவிதாங்கூரைத் தாக்கியது கம்பெனிமேல் போர் தொடுத்ததற்குச் சமம் என்று கார்ன்வாலிஸ் எடுத்துக்கொண்டார். ஹாலண்ட் 1790 தொடக்கத்தில் பதவியை விட்டு இங்கிலாந்துக்குப் போய்விட்டார். மூன்றாம் மைசூர்ப் போர் தொடங்கியதும் திப்பு மலபாரிலிருந்து திரும்ப வேண்டியதாயிற்று. திருவிதாங்கூர் பிழைத்தது.

வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் இங்கே வெற்றி என்று எழுதி அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுவார்கள். கணக்கன் போக மாட்டான். வரவு எழுதிய பக்கத்துக்கு எதிர்ப் பக்கத்தில் பற்று எழுதாமல் நாள்வழி முடியாது.

பற்று வர அதிக நாளாகவில்லை. போர்ச் செலவில் பங்கு கேட்டது கம்பெனி. 1793இல் பம்பாய் அரசோடு ஒப்பந்தம், பத்து வருடத்துக்கு வருடம் 3000 கண்டி மிளகு. 1795 நவம்பரில் நிரந்தர நட்பு உடன்படிக்கை. அதன்படி கம்பெனியின் மூன்று பட்டாளத்துச் சிப்பாய்களின் செலவைத் திருவிதாங்கூர் வருடந்தோறும் கட்ட வேண்டும். போர் வந்தால் மட்டும் இல்லை, வராவிட்டாலும் கட்ட வேண்டும். கேசவதாஸ் இதைத் தெரியாமல் ஒப்புக்கொண்டிருப்பார் என்று நான் நம்பவில்லை. மரைக்காயர் வீட்டில் வட்டிக்கணக்கு எழுதிய கை அது. வேறு வழியில்லாததால் ஒப்புக்கொண்டார். ஆனாலும் அந்த ஓலையில் ஏறிய தொகைதான் அடுத்த பதினான்கு வருடத் திருவிதாங்கூர் வரலாற்றை எழுதியது என்பது என் தீர்மானம்.

தர்மராஜா 1798 பிப்ரவரியில் காலமானார். அடுத்து வந்த பாலராம வர்மாவுக்குப் பதினாறு வயது. பையனைச் சுற்றி வேறு ஆட்கள் சேர்ந்தார்கள். கேசவதாஸைப் பதவியிலிருந்து இறக்கி வீட்டுக்காவலில் வைத்தார்கள். 1799இல் இறந்தார். நஞ்சு வைத்தார்கள் என்றே பெரும்பாலோர் எழுதுகிறார்கள். தலைமுறை தலைமுறையாகப் பேசும்படியான கதை இது. சி.வி. ராமன் பிள்ளை 'தர்மராஜா', 'ராமராஜ பகதூர்' என்று இரண்டு மலையாள நாவல்களில் அவரை எழுதினார். எங்கள் தாலுகாவின் பிள்ளையை நாங்கள் தமிழில் அந்த அளவுக்கு எழுதவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

அவர் விட்டுப்போன கணக்கை எடுத்தவரும் இந்த மாவட்டத்துக்காரர்தான். தலக்குளம் வேலுத்தம்பி. 1765இல் பிறந்தவர், மாவேலிக்கரையில் காரியக்காரராக இருந்தார். பின்னாளில் கம்பெனியின் ரெசிடெண்டாக வந்த கர்னல் மன்றோ தாசில்தார் என்று பெயர் மாற்றிய அதே உத்தியோகம். கேசவதாஸுக்குப் பிறகு அதிகாரத்துக்கு வந்த ஜயந்தன் நம்பூதிரியும் அவர் கூட்டாளிகள் சங்கரநாராயணன் செட்டி, மாத்து தரகன் ஆகியோரும் கஜானா காலி என்று சொல்லி, வசதியுள்ளவர்கள் பேரில் எல்லாம் தொகை எழுதிக் கட்டாயமாக வசூலித்தார்கள். வேலுத்தம்பி பேரிலும் எழுதினார்கள். மூன்று நாள் தவணை கேட்டார். அந்த மூன்று நாளில் பணம் திரட்டவில்லை, நாட்டைத் திரட்டினார். தெற்கேயிருந்து ஜனங்கள் திருவனந்தபுரத்துக்கு நடந்தார்கள். கேட்டவை தெளிவாக இருந்தன. ஜயந்தனை நீக்கி நாடு கடத்த வேண்டும், மற்ற இருவரையும் தண்டிக்க வேண்டும், உப்பு வரி முதலான புது வரிகளை எடுக்க வேண்டும். மகாராஜா ஒப்புக்கொண்டார். செட்டியின் காதையும் தரகனின் காதையும் அறுத்தார்கள். அந்தக் காலத்து நீதி. எனக்கு அது உவப்பாக இல்லை.

இப்படிக் கூட்டம் கூடி வரி மறுப்பது நாஞ்சில் நாட்டுக்குப் புதிதில்லை. சரியாகச் சொன்னால் நாஞ்சில் நாடு என்பது தோவாளையும் அகஸ்தீஸ்வரமும்தான். நாங்கள் மேற்கே இருப்பவர்கள், என் மனைவிதான் நாஞ்சில் நாட்டுக்காரி. அங்கே பன்னிரண்டு பிடாகைகளின் நாட்டுக்கூட்டம் உண்டு. 1700களின் தொடக்கத்தில், ஒருபக்கம் மதுரை நாயக்கர் படை, இன்னொரு பக்கம் வேணாட்டு அதிகாரிகள் என்று இருவருக்கும் கட்டி நொந்துபோனவர்கள், சுசீந்திரம் பக்கத்து ஆசிராமத்தில் கூடி, வழக்கமில்லாத வரியைக் கட்டுவதில்லை, அதிகாரிகள் வற்புறுத்தினால் ஊரைக் காலி செய்து மலையேறுவது என்று தீர்மானித்தார்கள். தீர்மானத்தை ஓலையில் எழுதினார்கள். அந்த ஓலைகள் அழகியபாண்டியபுரத்து முதலியார் வீட்டில் கிடந்தன. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவற்றைத் தேடிப் பிடித்து வெளிக்கொண்டு வந்தார். எழுதி வைத்ததால்தான் அவர்களுடைய கோபம் முந்நூறு வருடம் கழித்து என் கைக்கு வந்தது.

வேலுத்தம்பி முதலில் முளகுமடிசீலைப் பொறுப்பை ஏற்றார், பிறகு தளவாய் ஆனார். நிலங்களை அளந்து பதிய வைத்தார். கணக்கில் பொய் எழுதியவர்களைக் கடுமையாகத் தண்டித்தார். ஆனால் 1795இன் பற்று அவருக்காகக் காத்திருந்தது. 1805இல் கம்பெனி புது உடன்படிக்கை போட்டது. வருடக் கப்பம் 8 லட்சம் ரூபாய், முன்னதைப் போல ஏறத்தாழ இரட்டிப்பு. அதோடு உள்நாட்டு நிர்வாகத்தில் தலையிடும் உரிமையும் கம்பெனிக்கு. அதற்கு உடன்பட்டதும் வேலுத்தம்பிதான். பாக்கி ஏறியது. ரெசிடெண்ட் காலின் மெக்காலே கழுத்தில் கத்தி வைத்தார். அவகாசம் கேட்டும் குறைக்கச் சொல்லியும் நடந்த பேச்சுகள் பலிக்கவில்லை. 1809 ஜனவரி 11இல் கம்பெனிக்கு எதிராக எழச் சொல்லிக் குண்டறையில் விளம்பரம். பிப்ரவரி 10இல் ஆரல்வாய்மொழி அரணைக் கம்பெனிப் படை பிடித்தது. சில வாரங்களில் மண்ணடிக் கோயிலில் அவர் உயிர் போனது. பிணத்தையும் விடாமல் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோய்க் கண்ணம்மூலையில் தூக்கில் தொங்கவிட்டார்கள்.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் பஸ் நுழையும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்கு ஓடும். உதவி கேட்டுக் கல்கத்தாவுக்குப் போன ஓலை 1789. அதற்கான பில் இங்கே இந்த மலையிடுக்கில் இருபது வருடம் கழித்து வந்து சேர்ந்தது.

அதன்பிறகு நூற்றுக்கணக்கான மனுக்கள். 1891இல் மலையாளி மெமோரியலில் பத்தாயிரத்துக்கும் மேல் கையெழுத்து, 1896இல் ஈழவ மெமோரியலில் பதின்மூவாயிரத்துக்கும் மேல். நாஞ்சில் நாட்டு வேளாளரின் மருமக்கள்வழிச் சொத்துரிமையை மாற்றக் கேட்டுக் கேட்டு 1926இல் சட்டம் வந்தது. கவிமணியின் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' அதற்குச் செய்த வேலையை எந்த வக்கீலும் செய்திருக்க முடியாது. என் அப்பா அடிக்கடி பேசியது 1950களைப் பற்றி. மாநில மறுசீரமைப்பு ஆணையத்தின் முன் நேசமணியும் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசும் தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கக் கேட்டு வைத்த வழக்கு முழுக்க முழுக்கக் குடிமதிப்புக் கணக்கில் நின்றது, எந்தத் தாலுகாவில் எத்தனை பேர் தமிழ் பேசுகிறார்கள் என்று. 1954 ஆகஸ்ட் 11இல் புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்களின் ரத்தமும் அந்த மனுவில் இருக்கிறது, இல்லாமலில்லை. ஆனால் கேட்ட தாலுகாக்களில் எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று பார்த்தால் ஆணையம் எண்களைப் பார்த்துத்தான் கோடு போட்டிருக்கிறது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு இங்கே வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் வரவில்லை. தோட்டத் தொழிலாளி வந்துபோகிறவன் என்று கணக்கில் தள்ளிவிட்டார்கள். ஆளை எப்படி எண்ணுகிறார்கள் என்பது ஆளைவிடப் பெரிதாகிப்போன இடம் அது.

இப்போது என் காலத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் காரியம் பேசுகிறவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும், யாருக்காக, எவ்வளவு செலவில் பேசினோம் என்று அறிக்கை தர வேண்டும். 1946இலேயே அங்கே அதற்குச் சட்டம் வந்துவிட்டது, 1995இல் அதைக் கடுமையாக்கினார்கள். 2012 டிசம்பரில் வால்மார்ட் கம்பெனி அங்கே கொடுத்த அறிக்கையில் இந்தியச் சந்தைக்குள் நுழையும் விஷயமும் இருந்தது என்று தெரிந்து நம் நாடாளுமன்றம் அமளியானது. விசாரிக்க நீதிபதி முகுல் முத்கல் குழு போட்டார்கள். நம் நாட்டில் இந்தத் தொழிலுக்குச் சட்டமும் இல்லை, பதிவேடும் இல்லை. நான் எத்தனை தடவை டெல்லிக்குப் போனேன், யாரைப் பார்த்தேன், என்ன கொடுத்தேன் என்பது எந்த அரசு ஆவணத்திலும் கிடையாது. இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஆசிராமத்தில் கூடியவர்கள் எழுதி வைத்தார்கள், நாம் எழுதி வைக்காமல் போவது சரியில்லை.

வேலை என்னவோ எளிமையானது. 1955இல் தொடங்கிய, கொல்லத்தில் அலுவலகம் உள்ள முந்திரி ஏற்றுமதி மேம்பாட்டுக் கவுன்சில் மூலமாக ஒரு மனு. தனித்தனி ஆலைகள் தரும் மனு வேறு. அப்போது உத்யோக் பவனில் வர்த்தக அமைச்சகம் இருந்தது, நார்த் பிளாக்கில் நிதி அமைச்சகம். வாசலில் பாஸ், உள்ளே பெஞ்சு, அதிகாரி கூப்பிட்டால் பத்து நிமிடம். நான் கொண்டுபோனது பதினோரு பக்கம். இந்தியாவில் விளையும் கொட்டை ஆலைகளுக்குப் போதாது, பாதிக்கும் மேல் ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறது. வியட்நாம் எந்திரம் போட்டு உடைக்கிறது, 2006 வாக்கிலேயே பருப்பு ஏற்றுமதியில் நம்மை முந்திவிட்டது. கன்னியாகுமரியிலும் கொல்லத்திலும் கையால் உடைப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள், கச்சாப் பொருள் விலை ஏறினால் முதலில் பூட்டுவது அவர்கள் வேலை செய்யும் கூடங்களைத்தான். இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். என்னைப் போல எத்தனையோ பேர் சொன்னார்கள். 2018 பிப்ரவரி 1 பட்ஜெட்டில் தீர்வை 5இலிருந்து 2.5 ஆகக் குறைந்தது. முதலாளி ஆபீஸ் முழுக்கப் பாயசம் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் நான் கீழே இறங்கித் தல்லுகிற கூடத்தின் வழியாகப் போனேன். கட்டையும் சுத்தியலுமாக ஓடு உடைத்துக்கொண்டிருந்த ஓர் அக்கா, விரலில் கறை படாமல் பூசிய சாம்பலோடு நிமிர்ந்து பார்த்தார். ஆலை தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர்.

"சாரே, நீங்க டெல்லிக்குப் போய்ப் பேசினதுலதான் வரி கொறஞ்சுதுன்னு சொல்லுதாவ. எங்களப் பத்தியும் எழுதினியளாமே?"

"ஆமாக்கா. எத்தன பேரு வேல செய்யுதியன்னு எழுதினேன்."

"எங்களுக்க கூலி எவ்வளவுன்னும் அதுல உண்டா?"

மாடிக்குப் போய் மனுவின் நகலை எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் பக்கத்தில் பெண் தொழிலாளர் எண்ணிக்கை, ஆலை வாரியாக. ஒன்பதாம் பக்கத்தில் அதே எண்ணிக்கை இன்னொரு தடவை, தடித்த எழுத்தில். கூலி என்ற பத்தி எந்தப் பக்கத்திலும் இல்லை. ஏன் இல்லை என்பது எனக்குத் தெரியும். கேரளத்தில் குறைந்தபட்சக் கூலி அதிகம், எல்லை தாண்டி இந்தப் பக்கம் குறைவு. கொல்லத்து முதலாளிகள் பலர் இங்கே வந்து அண்டியாபீஸ் திறந்ததற்கு முதல் காரணமே அதுதான். அந்த எண்ணை மனுவில் வைத்தால் மேஜைக்கு அந்தப் பக்கமிருந்து வேறு கேள்வி வரும். அதனால் வைக்கவில்லை. யாரும் வைக்காதே என்று என்னிடம் சொல்லவில்லை. நானே விட்டேன். இருபத்தெட்டு வருடத்தில் எந்தக் கணக்கிலும் ஒரு வரியை நான் மறைத்ததில்லை, அந்த மனுவில் மறைத்திருக்கிறேன்.

போன வருடம் ஓய்வு பெற்றேன். பேருக்குப் பின்னால் கார்டு இல்லை, யார் சம்பளமும் இல்லை. அதே பதினோரு பக்க மனுவை எடுத்து, விட்டுப்போன பத்தியைச் சேர்த்து மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன். தல்லுக்குக் கிலோவுக்கு எவ்வளவு, தோலெடுக்க எவ்வளவு, வருடத்தில் எத்தனை நாள் ஆலை திறந்திருந்தது, எத்தனை நாள் அடைத்துக்கிடந்தது, அந்த நாட்களில் அவர்கள் கைக்கு என்ன போனது என்று. தொழிலாளர் துறைக்குக் கொடுப்பதா, அமைச்சருக்குக் கொடுப்பதா என்பது எழுதி முடிந்த பிறகு.

என்னிடம் இருந்த பழைய பதிவுகள் போதவில்லை. அந்த அக்காவிடம் கேட்டேன். மறுநாள் ஒரு துணிக்கடைக் கவருக்குள் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு, தன் கூலிச் சீட்டு அத்தனையும் கொண்டுவந்து தந்தார். ஒன்றையும் தொலைக்கவில்லை. முதல் சீட்டு 1994 ஜூன் மாதத்தது, மை மங்கியிருந்தாலும் தொகை தெரிகிறது. அதிலிருந்து தொடங்கியிருக்கிறேன்.